முட்டைக் கூடத்தில் எனக்குக் கிடைத்த பதவி

1

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பள்ளியின் ஐம்பதாவது ஆண்டு மலரில் எழுத எத்தனையோ பேர் இருக்கிறார்கள். டாக்டரானவர்கள் இருக்கிறார்கள், கலெக்டர் ஆபீசில் வேலை பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். டீச்சர் கேள்வி கேட்டால் பதில் தெரிந்தும் எழுந்திருக்காத பெண் ஒருத்தி கடைசிக்கு முந்தின பெஞ்சில் இருந்தாள் என்று யாருக்காவது ஞாபகம் வந்தால், அது நான்தான். ஞாபகம் வராவிட்டாலும் உங்கள் மேல் தவறில்லை. ஞாபகம் வராதபடிதான் உட்கார்ந்திருந்தேன்.

மலர்க் குழுவில் இருக்கும் என் வகுப்புத் தோழி விஜயா நாமக்கல்லிலிருந்து போனில் கூப்பிட்டாள்.

"ஏம்புள்ள தனம், நீ ஹாலந்துல சாப்ட்வேர் டீம்ல இருக்கறயாமா? இங்க நம்ம ஸ்கூல்ல பாதிப் பிள்ளைக கம்ப்யூட்டர் குரூப்புத்தான் எடுக்குதுக. அந்த டீம்ல யாராரு இருப்பாங்க, யாருக்கு என்ன வேலைன்னு ரெண்டு பக்கம் எழுதிக் குடு."

"எனக்கென்ன விஜயா தெரியும்? நான் முட்டை அடுக்கறவ."

"அப்ப முட்டை அடுக்கறவளுக்கு சாப்ட்வேர் டீம்ல என்ன வேலைன்னு எழுது. அதை வேற எவளும் எழுத மாட்டா."

முடியாது என்று எனக்குச் சொல்ல வராது. இந்தக் குறிப்புகளே அதைப் பற்றியதுதான். அதனால் எழுதுகிறேன்.

2

என் வீட்டுக்காரருக்குத் திருச்செங்கோடு. நாமக்கல் கோழிப்பண்ணைகளில் முட்டை தரம் பிரிக்கும் இயந்திரங்களைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இயந்திரங்களைச் செய்யும் கம்பெனி ஹாலந்தில் இருக்கிறது. அவர்களே இவரை இங்கே கூப்பிட்டுக்கொண்டார்கள். நானும் மகள் நிவேதாவும் பின்னால் வந்தோம். சேந்தமங்கலம் ரோட்டில் ஒரு பண்ணையில் பிறந்து வளர்ந்தவள், விமானம் ஏறிக் கடல் தாண்டி வந்து, ஒரு முட்டைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். "இங்க இல்லாத முட்டையா புள்ள?" என்று பெரியம்மா கேட்டார். இருக்கிறது. ஆனால் இங்கே முட்டை அடுக்குகிறவளுக்கும் ஓய்வூதியம் உண்டு என்று சொன்னதும் அவர் சிரிப்பதை நிறுத்திவிட்டார்.

இந்த நாட்டில் நுழைந்ததும் என் பெயர் போய்விட்டது. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் யாரோ என் அப்பா பெயரை எழுதிவிட்டார்கள். நகராட்சி அலுவலகத்தில் அதைத் திருத்த முடியுமா என்று கேட்டேன். திருத்தலாம், ஆனால் இந்தியாவிலிருந்து ஒரு சான்றிதழ் வேண்டும் என்றார்கள். இந்தியத் தூதரகத்தில் கேட்டால், நகராட்சி எழுதிக் கொடுத்தால் திருத்தலாம் என்றார்கள். இரண்டு பக்கமும் மரியாதையாகத்தான் சொன்னார்கள். அதிலிருந்து நான் எல்லோருக்கும் திருமதி கருப்பண்ணன். என் அப்பாவை யாரும் திருமதி என்று கூப்பிட்டதில்லை. அவர் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ.

கூடத்தில் என்னோடு ஒரே மேடையில் வேலை செய்பவர் ஹலீமா. சோமாலியாவிலிருந்து வந்தவர், என்னைவிடப் பெரியவர். காகிதத்தில் எங்கள் இருவருக்கும் ஒரே வேலை: பெல்ட்டில் வரும் முட்டையை விளக்கு வெளிச்சத்தில் பார்த்து, விரிசல் விட்டதை எடுத்துவிட்டு, நல்லதை ட்ரேயில் அடுக்கி, ட்ரேக்களைத் தூக்கி வண்டியில் வைக்க வேண்டும். ஆனால் ஹலீமாவுக்குத் தோள்பட்டை சரியில்லை, தூக்க முடியாது. எனக்கு அந்த விளக்கைப் பார்த்துக்கொண்டே இருந்தால் கண்ணில் நீர் கொட்டும். யாரும் சொல்லாமலே நாங்கள் பிரித்துக்கொண்டோம். அவர் பார்ப்பார், நான் தூக்குவேன். இதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதுகூட இல்லை. இரண்டு பேருக்கும் டச்சு மொழி அரைகுறை. அதனால்தான் இத்தனை நாள் சண்டை வரவில்லை என்று ஹலீமா சொல்வார்.

அப்போதுதான் கூடத்துக்கு மென்பொருள் வந்தது.

3

அதுவரை எந்த மேடையில் எவ்வளவு முட்டை என்பதை ஒரு வெள்ளைப் பலகையில் எழுதிவைப்போம். அதை எடுத்துவிட்டுத் திரை வைக்கப்போகிறோம் என்று கம்பெனி முடிவு செய்தது. அதற்கு ஒரு டீம் போட்டார்கள். டீமில் எங்கள் தரப்பில் ஒருவர் வேண்டும், அவருக்குக் கீ யூசர் என்று பெயர், அதாவது அந்த மென்பொருளைத் தினமும் தொடப்போகிறவர்களின் சார்பாகப் பேசுகிறவர். மேலாளர் வில்லெம் எல்லோரையும் கூப்பிட்டு யார் வருகிறீர்கள் என்று கேட்டார். ஒருத்தி சம்பளம் கூடுமா என்றாள். ஒருவர் முதலில் ஹீட்டரைச் சரி செய்யுங்கள் என்றார். நான் ஒன்றும் கேட்கவில்லை. என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். எல்லோருக்காகவும் பேச வேண்டிய பதவி, பேசாமல் இருந்ததற்காகக் கிடைத்தது.

முதல் நாளே வில்லெம் சொன்னார்: "இது தயாரானதும் சரியா இல்லையா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். கடைசிச் சம்மதம் உங்களுடையது." நான் தலையாட்டினேன். நம் பக்கம் மாப்பிள்ளை வீட்டார் வந்து காபி குடித்து, தட்டு மாற்றும் நாளும் பேசி முடித்த பிறகு, யாராவது ஒரு பெரியவர் உள்ளே வந்து "என்ன சாமி, உனக்குச் சம்மதந்தானே?" என்று கேட்பார் அல்லவா? அந்த மாதிரி கேள்வி என்றுதான் நினைத்தேன். அதற்குத் தலையாட்டுவதைத் தவிர வேறு பதில் உண்டு என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

இனி விஜயா கேட்டது. டீமில் யார் யார், யாருக்கு என்ன வேலை.

வில்லெம்தான் புராடக்ட் ஓனர். ஓனர் என்றால் நம் ஊரில் பண்ணை அவருடையது, கோழி அவருடையது, லாபம் அவருடையது; முட்டை உடைந்தால் மட்டும் அன்றைக்கு லீவு போட்டவருடையது. இங்கே ஓனருக்குச் சொந்தமாக ஒன்றும் இல்லை. எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்று வரிசைப்படுத்துவதுதான் அவர் வேலை. ஏதாவது வேண்டும் என்று போய்க் கேட்டால், "டீமைக் கேட்கிறேன்" என்பார். டீமைக் கேட்டால், "ஓனர் சொல்ல வேண்டும்" என்பார்கள்.

ஆர்க்கிடெக்ட் என்று ஒருவர். இரண்டு முறை வந்தார். சுவரில் கட்டங்களும் அம்புக்குறிகளும் வரைந்தார். போய்விட்டார். அது என்னவென்று யாருக்கும் தெரியவில்லை, ஆனாலும் அழிக்கப் பயந்துகொண்டு அப்படியே வைத்திருக்கிறார்கள்.

டெஸ்டர் என்றால் குறை கண்டுபிடிப்பவர். கண்டுபிடித்தால் எல்லோரும் நன்றி சொல்வார்கள், பிறகு அவரோடு பேச மாட்டார்கள். நம் ஊரில் ஒவ்வொரு கல்யாணத்திலும் இப்படி ஒருவர் இருப்பார். இங்கே அதற்குச் சம்பளம் கொடுக்கிறார்கள்.

டெவலப்பர்தான் உண்மையில் எழுதுகிறவர். எங்கள் திரையை எழுதியவர் செந்தில். சங்ககிரிப் பையன். பையன் என்று சொல்கிறேன், முப்பது தாண்டியவர், ஊரில் மனைவியும் குழந்தையும் இருக்கிறார்கள். மென்பொருள் செய்து தரும் வேறொரு கம்பெனியிலிருந்து ஒப்பந்தத்தில் வந்திருந்தார். முதல் நாள் என் பேச்சைக் கேட்டதும், "ஏனுங்க்கா, நீங்க நம்ம பக்கமுங்களா?" என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமையே எங்கள் வீட்டில் அரிசிம்பருப்புச் சாதம் சாப்பிட்டார். பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வந்தார்.

ஸ்க்ரம் மாஸ்டர் மார்லேன். மாஸ்டர் என்று பெயர், ஆனால் யாருக்கும் உத்தரவு போட மாட்டார். அவருக்கென்று தனி வேலையும் கிடையாது. இவரிடம் போய் எப்படி இருக்கிறீர்கள் என்பார், அவரிடம் போய் என்ன கஷ்டம் என்பார். இரண்டு பேருக்கு முறைப்பு என்றால் நடுவில் உட்கார்ந்து காபி வாங்கிக் கொடுப்பார். எல்லோருடைய பிறந்த நாளும் தெரியும். மற்றவர்களின் வேலையைப் புரிந்துகொள்ள எனக்கு மாதக்கணக்கில் ஆயிற்று. மார்லேனை மட்டும் பார்த்தவுடனே புரிந்துகொண்டேன். இவர் கல்யாணத் தரகர். நல்லவேளை, ஒருவராவது எனக்குத் தெரிந்த வேலை செய்கிறார் என்று நிம்மதியாக இருந்தது.

தினமும் காலையில் ஒரு கூட்டம். உட்காரக்கூடாது. உட்கார்ந்தால் பேச்சு நீளுமாம். நேற்று என்ன செய்தேன், இன்றைக்கு என்ன செய்வேன், எனக்கு என்ன தடை என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். என் முறை வரும்போது, "முட்டை அடுக்கினேன், முட்டை அடுக்குவேன், தடை ஒன்றுமில்லை" என்பேன். எல்லோரும் சிரிப்பார்கள். நான் வேடிக்கையாகச் சொல்லவில்லை.

4

திரை தயாராகி, எங்களுக்கு ஓட்டிக் காட்டினார்கள். ஆளுக்கு ஒரு அட்டை. ட்ரே அடுக்கு நிறைந்ததும் வண்டியில் வைப்பவர் தன் அட்டையைக் காட்டினால், அந்தக் கணக்கு அவர் பெயரில் ஏறும். பெரிய திரையில் எல்லோர் பெயரும் தெரியும். நன்றாக ஏறினால் பச்சை, குறைந்தால் மஞ்சள், ஏறாவிட்டால் சிவப்பு. ஒரு மேடைக்கு ஒரு நேரத்தில் ஒரு அட்டைதான்.

வண்டியில் வைப்பது நான். ஹலீமா விளக்கில் பார்ப்பதற்கு அட்டை காட்ட இடமே இல்லை. அவர் நாள் முழுக்க வேலை செய்தாலும் திரைக்கு அவர் வரவே இல்லை என்று அர்த்தம். ஹலீமாவின் வேலை ஒரு ஏஜென்சி மூலம். அவருடைய ஒப்பந்தம் அந்த மாதம் முடிகிறது. நீட்டிப்பதா வேண்டாமா என்று கம்பெனியும் ஏஜென்சியும் கணக்கைப் பார்த்து முடிவு செய்யும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை செந்தில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மெதுவாகக் கேட்டேன்.

"செந்திலு, ஹலீமா பேரு ஏறாது போலிருக்குதே?"

"தெரியுங்க்கா. வெளக்குல பாக்கறதுக்கு ஸ்கேன் இல்லீங்க. எனக்கு எழுதிக் குடுத்த வேலைச் சீட்டுல, அதான் டிக்கெட்ல, அது இல்ல. அடுத்த கட்டத்துல சேத்திக்கலாங்க."

"அடுத்த கட்டம் எப்போ?"

"அதை ஓனர் சொல்லோணும்."

"ஓனர் என்ன சொல்றாரு?"

"டீம் சொல்லோணும்ங்கறாரு." சிரித்துக்கொண்டே நெய் ஊற்றிக்கொண்டார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "அக்கா, நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொல்லீட்டாப் போதுங்க. சொன்ன நாள்ல இது ஓடுச்சுன்னா என்னைய இங்கயே நிரந்தரம் பண்றேன்னு எங்க கம்பெனில சொல்லியிருக்காங்க. பொண்டாட்டி பையனைக் கூட்டிட்டு வந்தரலாம். பையன் போன்லயே வளர்றானுங்க."

என் கையில் கரண்டி இருந்தது. "இன்னுங் கொஞ்சம் போட்டுக்கோ" என்றேன்.

வெளிநாட்டில் பிறந்து வளரும் பிள்ளைகளும் இந்த மலரைப் படிக்கலாம். அவர்களுக்காக ஒன்றை விளக்க வேண்டும். என்னை முதலில் பெண் பார்க்க வந்தது பரமத்திக்காரர்கள். வந்தார்கள், கேசரி சாப்பிட்டார்கள், எங்கள் வீட்டாரும் சிரித்துப் பேசி, "எல்லாம் நல்லபடியா இருக்குதுங்க, நீங்க போயிட்டு வாங்க" என்று கார் வரைக்கும் போய் வழியனுப்பினார்கள். எங்கள் வீட்டில் யாருக்கும் அந்த இடம் பிடிக்கவில்லை. மூன்றாம் நாள் மாமா தரகரைக் கூப்பிட்டு, "கோயில்ல பூக் கேட்டோமுங்க, சாமி உத்தரவு குடுக்கலீங்க" என்றார். அம்மன் தலையில் வைத்த பூ வலப்பக்கம் விழவில்லை என்று அர்த்தம். உண்மையில் யாரும் கோயிலுக்குப் போகவில்லை. அது தரகருக்கும் தெரியும். தரகர் சொன்னதும் பரமத்திக்காரர்களுக்கும் தெரிந்திருக்கும். ஆனால் யாரும் யார் முகத்தையும் பார்த்து வேண்டாம் என்று சொல்லவில்லை. இன்றைக்கும் கல்யாண மண்டபங்களில் பார்த்தால் இரண்டு வீட்டாரும் நலம் விசாரித்துக்கொள்கிறோம். வேண்டாம் என்பதை நம் பக்கம் இப்படித்தான் சொல்வது. நம் வீட்டில் கை நனைத்தவரிடம் நேராகச் சொன்னால் அது வேறு விஷயம், அது சண்டை.

எனவே நான் முறைப்படி நடந்துகொண்டேன். திங்கட்கிழமை காபி இயந்திரத்தின் பக்கத்தில் மார்லேனைத் தனியாகப் பிடித்தேன். டச்சு மொழியில் முந்தின நாளே மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். "ஹலீமாவுக்கு இந்தத் திரை சரிப்படாது போலிருக்கிறது. கொஞ்சம் பொறுத்தால் நல்லது. நான் சொன்னதாகச் செந்திலுக்குத் தெரிய வேண்டாம்."

மார்லேன் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "என்னை நம்பிச் சொன்னதற்கு நன்றி. இது நம் இருவருக்குள்ளேயே இருக்கும்."

தரகர்களும் இப்படித்தான் சொல்வார்கள். சொல்லிவிட்டு நேராக அடுத்த வீட்டுக்குப் போவார்கள். எனக்குப் பாரம் இறங்கியது.

மறுநாள், திரையை ஓட்டலாமா என்று முடிவு செய்ய உட்கார்ந்து பேசும் கூட்டத்தில், வில்லெம் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே வந்தார். டெஸ்டர் கட்டை விரலை உயர்த்தினார். செந்தில் உயர்த்தினார். என் முறை வந்தது. எதிரில் செந்தில் உட்கார்ந்திருக்கிறார். "நன்றாக இருக்கிறது. ரொம்ப நன்றாக இருக்கிறது" என்றேன். மார்லேன் என்னையே பார்த்தார். நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன். சபையில் தரகர் முகத்தைப் பார்க்கக்கூடாது, காரியம் கெட்டுவிடும்.

5

அடுத்த வாரமே திரை ஓடத் தொடங்கியது. கேக் வெட்டினார்கள்.

பெரிய திரையில் என் அப்பா பெயர் பச்சையாக எரிந்தது. ஹலீமாவின் பெயர் சிவப்பாக, பக்கத்தில் ஒரு முட்டை வடிவத்தில் பூஜ்யம். முதல் நாள் அவர் சிரித்தார். "உன் அப்பா இந்த வயதிலும் நன்றாக உழைக்கிறார்" என்றார். இரண்டாம் நாள், "அவருக்குக் கொஞ்சம் ஓய்வு கொடு" என்றார். மூன்றாம் நாள் திரையின் பக்கம் திரும்பவே இல்லை.

என் அட்டையை வைத்துவிட்டு அவருடைய அட்டையைக் காட்டலாம் என்றேன். ஹலீமா மறுத்துவிட்டார். "அப்புறம் நீ சிவப்பாவாய். யாராவது ஒருத்தி சிவப்பாகத்தான் வேண்டுமா?" பிறகு எனக்கு முன்னால் போய் அவரே ட்ரேயைத் தூக்க ஆரம்பித்தார். இரண்டு அடுக்கு தூக்கியதும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் விட்டுவந்த விளக்கடியில் விரிசல் முட்டைகள் நல்ல முட்டைகளோடு சேர்ந்து போய்க்கொண்டிருந்தன.

புதன்கிழமை ஏஜென்சியிலிருந்து ஒரு பெண் வந்தார். வெள்ளிக்கிழமை முடிவு தெரியும் என்றார். "அவள் திரையைப் போட்டோ எடுத்துக்கொண்டு போகிறாள்" என்று ஹலீமா என்னிடம் சொன்னார். குரலில் கோபமில்லை. எனக்குத்தான் ஒன்றும் புரியவில்லை. நான் அனுப்பிய சொல் ஏன் இன்னும் போய்ச் சேரவில்லை?

அன்று மாலை வீட்டில் இதைச் சொன்னேன். நிவேதா கல்லூரியில் இந்த மென்பொருள் விஷயங்களைத்தான் படிக்கிறாள். நாங்கள் தமிழில் கேட்டால் அவள் டச்சு மொழியில் பதில் சொல்வாள். கோபம் வந்தால் மட்டும் தமிழ் வரும். அதனால் அவள் தமிழ் பேசினால் எனக்குப் பயம்.

"அம்மா, மீட்டிங்ல நீங்க என்ன சொன்னீங்க?"

"நல்லாருக்குதுன்னேன்."

"அப்ப நீங்க யெஸ் சொன்னீங்க."

"மார்லேன்கிட்ட வேண்டாம்னு முன்னாடியே சொல்லியாச்சு."

"அது காபி, அம்மா. அது மீட்டிங் இல்ல."

என் வீட்டுக்காரர் எனக்காகப் பேசினார். "பெரிய மனுசங்க மூஞ்சிக்கு நேரா வேண்டாம்னு எப்படிச் சொல்லுவா?"

"வில்லெம் பெரிய மனுஷன் இல்லப்பா. உங்களைவிடச் சின்னவர். அம்மா பொய் சொல்லிட்டாங்க. அவ்வளவுதான்."

இந்தப் பெண் இப்படித்தான். சென்ற பொங்கலுக்குத் தமிழ்ச் சங்கத்தில் கும்மிக்குக் கூப்பிட்டார்கள். வரவில்லை என்றாள். நான் அவர்களிடம், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொன்னேன். போனைப் பிடுங்கி, "எனக்குக் காய்ச்சல் இல்ல ஆன்ட்டி, எனக்குப் பிடிக்கல" என்றாள். ஒரு வாரம் எனக்கு வெளியே தலைகாட்ட முடியவில்லை. பிள்ளை கையை விட்டுப் போகிறாள் என்று அன்றைக்கு அழுதேன். இந்தப் புதன்கிழமை அவள் எதிரில் உட்கார்ந்து, அந்த வித்தையை இவள் எங்கே கற்றுக்கொண்டாள், ஒரே நாளில் நானும் கற்றுக்கொள்ள முடியுமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

6

வியாழக்கிழமை காலை மார்லேனிடம் போனேன்.

"நான் சொன்னதை நீங்கள் யாரிடமும் சொல்லவில்லையா?"

"சொல்வேனா?" என்றார். பெருமையோடு சொன்னார். "நீங்கள் கூட்டத்தில் நன்றாக இருக்கிறது என்றதும் எனக்குக் கவலையாகத்தான் இருந்தது. ஆனாலும் என் வாயிலிருந்து ஒரு சொல் வராது. உங்களுக்காகப் பேசுவது என் வேலை இல்லை. நீங்கள் பேசுவதற்கு இடம் ஏற்படுத்தித் தருவதுதான் என் வேலை."

தரகர் வேலைக்கு இவ்வளவு நேர்மையான ஆளை நான் பார்த்ததே இல்லை. சொன்ன சொல்லை அப்படியே காப்பாற்றிவிட்டார்.

அன்று மதியம் கூட்டம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, எது நன்றாகப் போயிற்று, எது போகவில்லை என்று வண்ணத் தாள்களில் எழுதிச் சுவரில் ஒட்டுவார்கள். பச்சைத் தாள்கள் நிறைய இருந்தன. ஒரே ஒரு சிவப்புத் தாள். டெஸ்டர் ஒட்டியது. விளக்கடியில் இருப்பவரின் வேலை கணக்கில் வரவில்லை என்று எழுதியிருந்தார்.

யார் பொறுப்பு என்று பேச்சு தொடங்கியது. எனக்குக் கொடுத்த பட்டியலில் அது இல்லை, இருந்தவரைக்கும் எல்லாம் சரியாக ஓடியது என்றார் டெஸ்டர். டிக்கெட் வந்தால் செய்திருப்பேன் என்றார் செந்தில். டீம் கேட்டிருந்தால் வரிசையில் சேர்த்திருப்பேன் என்றார் வில்லெம். ஆர்க்கிடெக்ட்டைக் கேட்கலாமா என்று யாரோ சொன்னார்கள். எல்லோரும் ஒருமுறை சுவரில் இருந்த அம்புக்குறிகளைப் பார்த்தார்கள். யாரும் யாரையும் திட்டவில்லை. ஒவ்வொருவரும் தன் வேலையைச் சரியாகச் செய்திருந்தார்கள். ஹலீமாவுக்கு மறுநாள் முடிவு.

கடைசியில் வில்லெம், "கீ யூசர் ஒப்புக்கொண்டார். அடுத்த கட்டத்தில் பார்க்கலாம்" என்று சொல்லி எழுந்திருக்கப் போனார்.

"இல்லை" என்றேன்.

சத்தம் வரவில்லை. யாருக்கும் கேட்கவில்லை. மார்லேன் மட்டும் கையைத் தூக்கி மற்றவர்களை நிறுத்தினார். மறுபடியும் சொன்னேன். இந்த முறை தேவைக்கு மேல் சத்தமாக வந்துவிட்டது.

"இல்லை. நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஹலீமா வேலை செய்கிறார். திரை அவரைப் பார்க்கவில்லை. பார்க்கும்வரை அதை நிறுத்துங்கள். ஏஜென்சியிடமும் சொல்லுங்கள், அந்தக் கணக்கு தப்பு."

இனி இந்த வில்லெம் என் முகத்தில் விழிக்க மாட்டார், வேலையும் போயிற்று என்றே நினைத்தேன்.

"முழுவதையும் நிறுத்தவா?" என்றார் வில்லெம்.

"ஆமாம்."

"சரி" என்றார். எழுதிக்கொண்டார். "ஏன் முன்பே சொல்லவில்லை? கடைசிச் சம்மதம் உங்களுடையது என்று முதல் நாளே சொன்னேனே." ஏஜென்சிக்கு அங்கேயே போன் செய்தார். பிறகு மீதி கேக் இருக்கிறது, சாப்பிடுகிறீர்களா என்று என்னிடம் கேட்டார். கோபமில்லை, வருத்தமில்லை. இரண்டு வாரமாக நான் தூங்காமல் புரண்டது இந்த மனிதரின் மனம் நோகக்கூடாது என்றும்தான். அந்த மனிதர் கேக் தின்றுகொண்டிருந்தார்.

மடிக்கணினியை மூடிக்கொண்டு எழுந்து போனவர் செந்தில் மட்டும்தான். பின்னாலேயே போனேன். படிக்கட்டின் பக்கத்தில் நின்றார்.

"என்றகிட்ட ஊட்லயே சொல்லியிருக்கலாமில்லீங்க்கா?"

"உன் மனசு நோகக்கூடாதுன்னுதான் செந்திலு, மார்லேன்கிட்டச் சொல்லிவிட்டேன்."

"அவங்க எங்கீங்க சொல்லுவாங்க? நம்மூரா இது? அன்னைக்கு ஞாயித்துக்கெழமை சோறு போடறப்பவே வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, ராத்திரியோட ராத்திரியா அதை எழுதிச் சேத்தியிருப்பனுங்க. இப்ப எல்லார்த்துக்கு முன்னாடியும் நிறுத்தியாச்சு."

"சோறு போடறப்ப எப்படிடா வேண்டாம்னு சொல்றது?"

அவர் மடிக்கணினியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியிறங்கினார். அவருக்கும் அது தெரியும். சங்ககிரிக்காரர்தானே.

முட்டை அடுக்குகிறவளுக்கு, அதாவது கீ யூசருக்கு, என்ன வேலை என்று விஜயா கேட்டாள். வேண்டாம் என்று சொல்வதுதான் வேலை. அதற்கென்று ஒரு நாற்காலி போடுகிறார்கள், முதல் நாளே கூப்பிட்டுச் சொல்லியும் விடுகிறார்கள். கம்ப்யூட்டர் குரூப் எடுக்கும் பிள்ளைகள் மற்ற வேலைகளை எல்லாம் புத்தகத்தில் படித்துக்கொள்வார்கள். இந்த வேலைக்கு எந்த ஊரில் பயிற்சி கொடுக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது.

7

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஹலீமாவின் ஒப்பந்தத்தை ஆறு மாதம் நீட்டித்தார்கள். தினமும் என் எதிரில் சாப்பிடும் செந்தில் அன்று மதியச் சாப்பாட்டை வேறு மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டார்.